ஹிக்கின்பாதம் எந்த ஊர்ப் பெயர்? அரிதான ஆங்கிலக் குடும்பப் பெயரைத் துருவிப் பார்க்க ஒரு வழிகாட்டி

சென்னை அண்ணா சாலையைத் தெரிந்தவர்களுக்கு ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையையும் தெரியும். வெஸ்லியன் மிஷன்காரர்கள் நடத்தி வந்த புத்தகக் கடையை 1844இல் ஏபல் ஜோஷுவா ஹிக்கின்பாதம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு தன் பெயரையே அதற்குச் சூட்டினார். கடையின் பெயராக அது நம் ஊரில் நிலைத்துவிட்டது. ஆனால் அதற்கு என்ன பொருள், இங்கிலாந்தின் எந்த மூலையில் பிறந்த பெயர், அங்கே அது அதிகம் புழங்கும் பெயரா அரிய பெயரா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடைப்பது கடினம். இணையத்தில் கேட்டாலோ பத்துப் பதில் வரும். அவற்றில் எதை நம்புவது என்பதுதான் தலைவலி.

பழைய மிஷனரி கடிதங்களைப் படிப்பவர்கள், கல்லறைக் கல்வெட்டுகளைப் படியெடுப்பவர்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்ப வேர்களைத் தேடுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள் எனப் பலருக்கும் இந்தத் தேவை வருகிறது. ஹிக்கின்பாதத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு வேலையை எந்த வரிசையில் செய்யலாம் என்று பார்ப்போம். வரிசை முக்கியம். புதிதாக இறங்குபவர்கள் எடுத்த எடுப்பிலேயே பெயரின் பொருளைத் தேடுகிறார்கள். பொருளைக் கடைசியில்தான் தேட வேண்டும். முதலில் எழுத்துக்கூட்டல், பிறகு எந்தப் பகுதியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை, பிறகு ஊர், அதற்குப் பிறகே பொருள்.

எல்லா எழுத்துக்கூட்டல்களையும் எழுதி வையுங்கள்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெயரை எத்தனை விதமாக எழுத முடியும் என்று எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் Higginbotham என்று எழுதும் ஹிக்கின்பாதத்தில் 'ஜி' (g) ஒன்றா இரண்டா? முதல் உயிரெழுத்து 'ஐ'யா (i) 'ஈ'யா (e)? நடுவில் வருவது எது? 'ஜி'க்குப் பதிலாக 'சி'யும் 'கே'யும் சேர்ந்து வருகிறதா? முடிவு 'பாதம்' என்பதுபோல் இருக்கிறதா, 'பாட்டம்' என்பதுபோல் இருக்கிறதா? இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் ஹெகின்பாதம், ஹிக்கின்பாட்டம், ஹிகன்பாட்டம் என்று ஒரு பட்டியல் நீளும். இவை எல்லாமே மெய்யாகவே புழங்கிய வடிவங்கள்.

பெயருக்கு இதுதான் சரியான எழுத்துக்கூட்டல் என்ற எண்ணம் ஆங்கிலேயரிடம் உறுதிப்பட்டது 19ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ஞானஸ்நானப் பதிவேட்டை எழுதிய ஆலய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். எழுதத் தெரியாத தகப்பனுக்கு அதைத் திருத்தவும் தெரியாது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மூவருக்குப் பதிவேட்டில் மூன்று எழுத்துக்கூட்டல் இருப்பது வியப்பல்ல. ஆகவே 'எங்கள் குடும்பம் ஒற்றை ஜி, அவர்கள் வேறு குடும்பம்' என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

இந்தப் பெயர் பிறந்த பகுதி வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயர் என்று பின்னால் பார்ப்போம். அந்தப் பக்கத்துப் பேச்சில் சொல்லின் தொடக்கத்தில் வரும் 'எச்' ஒலி பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால் 'எச்' இல்லாத வடிவங்களையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். தேடும் தளங்களில் நட்சத்திரக் குறியைப் போட்டுத் தேடினால் பாதி வேலை குறையும். பெயரின் முதல் சில எழுத்துகள், ஒரு நட்சத்திரக் குறி, கடைசி எழுத்து என்று கொடுத்தால் இடைப்பட்ட குழப்பங்கள் எல்லாம் வலையில் சிக்கிவிடும்.

எந்த வகைப் பெயர் என்று ஊகியுங்கள்

ஆங்கிலக் குடும்பப் பெயர்களைப் பொதுவாக நான்கு கூடைகளில் போடுவார்கள். ஊரையோ நில அமைப்பையோ ஒட்டியவை, தொழிலை ஒட்டியவை, தகப்பன் பெயரிலிருந்து வந்தவை, பட்டப்பெயர்கள். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு மெல்லப் பரவிய வழக்கம்தான் குடும்பப் பெயர் வைப்பது. 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பரம்பரைப் பெயர் வந்துவிட்டது. வடபகுதிகளில் சற்றுத் தாமதம்.

தொழில் பெயர்களில் அரியவை சுவையானவை. வெயின்ரைட் என்றால் வண்டி செய்பவர். ஆர்க்ரைட் என்றால் மரப்பெட்டி செய்பவர். நூற்பு இயந்திரத்துக்குப் பெயர் போன ரிச்சர்ட் ஆர்க்ரைட்டின் முன்னோர் யாரோ ஒருவர் மாவுப்பெட்டி செய்து பிழைத்திருக்கலாம். ட்ரிங்க்வாட்டர் போன்ற பட்டப்பெயர்கள் தண்ணீர் குடிப்பவரைக் கேலி செய்தவையா, கள்ளுக்கடைக்காரரைக் குத்தலாகச் சொன்னவையா என்று இன்று தீர்த்துச் சொல்ல முடியாது.

நம் எடுத்துக்காட்டில் துப்பு பெயரின் வால்பகுதியில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பள்ளத்தாக்கின் அடித்தளத்துக்கு ஒரு சொல் இருந்தது. அதன் ஒரு வடிவம் 'பாட்டம்' ஆயிற்று, இன்னொரு வடிவம் 'பாதம்' ஆயிற்று. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த இயன் போத்தம் பெயரும் இதே சொல்தான். ராம்ஸ்பாட்டம், விண்டர்பாட்டம், லாங்பாட்டம், ஷஃபிள்பாட்டம் எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள். இன்றைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பிட்டம் என்ற பொருளும் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் இந்தப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. சிலர் உச்சரிப்பையே மாற்றிக்கொண்டார்கள். ஆனால் 'பாதம்' என்ற முடிவைப் பார்த்தவுடன் கூச்சத்தால் மாற்றியது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது இடைக்காலத்திலிருந்தே உள்ள பழைய வடிவம்.

இப்படி வால் தெரிந்துவிட்டால், இது ஊர்ப் பெயராக இருக்க வேண்டும் என்ற ஊகம் பிறக்கிறது. அடுத்து அந்த ஊரைத் தேட வேண்டும்.

1881க்குப் போங்கள்

புதியவர்களுக்கு நான் முதலில் காட்டும் ஆவணம் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிரிட்டனில் 1841 முதல் பெயர்வாரியான கணக்கெடுப்பு இருக்கிறது. ஆனால் 1881ஆம் ஆண்டுப் பதிவை முழுவதுமாகத் தன்னார்வலர்கள் படியெடுத்து வைத்திருக்கிறார்கள். குடும்ப வேர் தேடுவதற்கான ஃபேமிலிசர்ச் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கினால் காசு இல்லாமல் தேடலாம். அதற்குள் ரயில் வந்து, ஆலைகள் வந்து, மக்கள் இடம் பெயரத் தொடங்கியிருந்தார்கள். ஆனாலும் அரிய பெயர்கள் பெரும்பாலும் பிறந்த இடத்தைச் சுற்றியே கிடந்தன. ஆறு நூற்றாண்டுக்கு முன் ஓர் ஊரில் பிறந்த பெயர் 1881இலும் இருபது மைல் சுற்றளவில் குவிந்து கிடப்பதைப் பார்க்கும்போது நம் ஊர்க்காரர்களுக்கு ஆச்சரியம் வராது.

செய்ய வேண்டியது இது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வடிவத்தையும் போட்டுத் தேடி, எந்தக் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) எத்தனை பேர் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறந்த ஊர் என்ற கட்டத்தையும் பாருங்கள். வசிக்கும் இடத்தைவிட அதுதான் பயன்படும். மான்செஸ்டரில் ஆலையில் வேலை செய்பவரின் பிறந்த ஊர் ஒரு மலையடிவாரக் கிராமமாக இருக்கும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய பெயர் வரைபடத் தளத்தில் பெயரைக் கொடுத்தால் வரைபடமாகவே வரும். ஆனால் வரைபடம் அழகாக இருப்பதால் அதோடு நின்றுவிடக் கூடாது. படியெடுத்தவரின் கண் தவறியிருக்கலாம். ஓர் இடத்தில் ஒரே ஒரு குடும்பம் தனித்து நின்றால் மூலப் படத்தைத் திறந்து கையெழுத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

'பாட்டம்', 'பாதம்' பெயர்கள் லங்காஷயர், செஷயர், மேற்கு யார்க்‌ஷயர் ஆகியவை சந்திக்கும் பென்னைன் மலைச்சரிவுகளில் குவிந்திருப்பது நிலத்தைப் பார்த்தாலே புரியும். அங்கே செங்குத்தான, குறுகிய பள்ளத்தாக்குகள் ஏராளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், அதில் ஒரு பண்ணை, அந்தப் பண்ணைக்காரருக்கு அதே பெயர்.

ஊரைப் பிடியுங்கள்

வரைபடம் காட்டிய வட்டத்துக்குள் பெயரைப்போல ஒலிக்கும் ஊர், பண்ணை, ஓடை ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்து, வேல்ஸ் உட்பட பிரிட்டன் அரசின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பழைய வரைபடங்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டு வரைபடத்தில் ஒவ்வொரு பண்ணை வீடும் பெயரோடு இருக்கும். இன்று அங்கே குடியிருப்போ நெடுஞ்சாலையோ வந்திருக்கலாம், பழைய தாளில் ஊர் அப்படியே இருக்கும்.

ஹிக்கின்பாதத்துக்கு விடை போல்ட்டன் நகரத்தில் இருக்கிறது. ஓக்கன்பாட்டம் என்ற இடம். இன்றும் அந்தப் பெயரில் அங்கே ஒரு சாலை உண்டு. ஷஃபிள்பாட்டத்துக்கு விடை அதற்குப் பக்கத்திலேயே, பரி நகரை ஒட்டிய ஷிப்பர்பாட்டம். பெயரையும் ஊரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டாததுபோல் தெரியும். இடையில் உள்ள வடிவங்கள் தெரிந்தால்தான் ஒட்டும்.

இங்கே ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. 1974இல் இங்கிலாந்தின் கவுன்ட்டி எல்லைகளை மாற்றி வரைந்தார்கள். போல்ட்டனும் பரியும் லங்காஷயரிலிருந்து கிரேட்டர் மான்செஸ்டருக்குப் போய்விட்டன. அகராதியில் 'லங்காஷயர்' என்று இருக்கும், இன்றைய வரைபடத்தில் அங்கே இருக்காது. பழைய ஆவணம் தேடும்போது பழைய கவுன்ட்டியையே கொடுங்கள்.

பின்னோக்கிப் போகும் பாதை

ஊர் கிடைத்த பிறகு காலத்தில் பின்னே போகலாம். இங்கிலாந்து, வேல்ஸில் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பிறப்பு, திருமணம், இறப்பு அட்டவணைகளைத் தன்னார்வலர்கள் நடத்தும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். அரசுப் பதிவு அலுவலகத்தின் சொந்த அட்டவணையில் குழந்தையின் பிறப்புப் பதிவோடு தாயின் பிறந்தகத்துக் குடும்பப் பெயரும் இருக்கிறது. ஒரே பெயருள்ள இரண்டு குடும்பங்களைப் பிரித்தறிய அது கைகொடுக்கும்.

அதற்கு முந்தைய காலத்துக்கு ஆலயப் பதிவேடுகள். 1538இல் தாமஸ் கிராம்வெல் பிறப்பித்த உத்தரவின்படி ஒவ்வொரு ஆலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. எல்லா ஊரிலும் தொடக்க ஏடுகள் தப்பிக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவும் 1538க்கு முன்னே போகவும் வரி ஏடுகள்தான் கதி. 1662 முதல் 1689 வரை வசூலித்த அடுப்பு வரி, 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரி. தலைவரி ஏட்டில் ஒருவரின் குடும்பப் பெயருக்கு முன் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள்படும் 'டி' என்ற சிறு சொல் இருந்தால் அது பொன்னான சான்று. அப்போது அந்தப் பெயர் இன்னும் ஊரைத்தான் குறித்தது.

இவற்றையெல்லாம் நீங்களே தேடிக் களைக்க வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் 2016இல் வெளியிட்ட பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி நான்கு தொகுதிகளில் 45,000க்கு மேற்பட்ட பெயர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் பழைய சான்றுகளை ஆண்டும் இடமும் குறித்துத் தருகிறது. பேட்ரிக் ஹாங்ஸ், ரிச்சர்ட் கோட்ஸ், பீட்டர் மெக்ளூர் ஆகியோர் தொகுத்தது. விலை கொடுத்து வாங்கும் புத்தகம் அல்ல, நூலகத்தில் பார்க்க வேண்டியது. அதில் முதலில் சான்று வரிகளைப் படியுங்கள், விளக்கத்தைப் பிறகு படியுங்கள். சான்றே இல்லாத விளக்கம் எங்கே கிடைத்தாலும் அதை ஓர் ஊகமாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பொருள்

ஹிக்கின்பாதத்துக்கு மூன்று விளக்கங்கள் கண்ணில் படும். முதலாவது, ஹிக்கின் என்பவரின் பள்ளத்தாக்கு. ஹிக்கின் என்பது ரிச்சர்ட் என்ற பெயரின் செல்லச் சுருக்கமான ஹிக் என்பதிலிருந்து வந்தது. ஹிக்கின்ஸ், ஹிக்கின்சன் எல்லாம் அப்படி வந்தவை. கேட்டால் நியாயமாகத்தான் படும். இரண்டாவது, ரோவன் மரப் பள்ளத்தாக்கு. வட்டார வழக்கில் அந்த மரத்துக்கு ஹிக்கின் என்றே பெயர் உண்டு. மூன்றாவது, ஓக் மரப் பள்ளத்தாக்கு.

வரிசையாக வந்தவர்களுக்கு விடை எளிது. ஊர் ஓக்கன்பாட்டம். அதன் பழைய வடிவம் பழைய ஆங்கிலத்தில் 'ஓக் மரத்தாலான' என்ற பொருள் தரும் சொல்லில் தொடங்கியது என்பதே அறிஞர்கள் பெரிதும் ஏற்கும் கருத்து. அது இடைக்காலத்தில் ஈக்கன்பாட்டம், இக்கன்பாட்டம் என்று திரிந்தது. அந்தத் திரிந்த ஒலியைக் கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த ரோவன் மரத்தின் வட்டாரப் பெயரோடு அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் முன்னால் 'எச்' ஒட்டியது. ஆக இரண்டாவது விளக்கம் முழுப் பொய் அல்ல, இடையில் ஏறிக்கொண்ட பொருள். முதலாவது மட்டும் இன்றைய எழுத்தைப் பார்த்துச் சொன்னது.

எல்லாப் பெயரும் இவ்வளவு தெளிவாக முடியாது. ராம்ஸ்பாட்டம் கடாவின் பள்ளத்தாக்கா, அங்கே மண்டிக் கிடந்த காட்டுப் பூண்டின் பள்ளத்தாக்கா என்பதில் இரண்டு கருத்தும் நிற்கின்றன. இரண்டையும் எழுதிவிட்டுப் போவதே நேர்மை.

பெயர் உண்மையில் ஆங்கிலப் பெயர்தானா என்றும் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். சென்னைக் கோட்டை புனித மேரி ஆலயம் 1680இல் திறக்கப்பட்டபின் அங்கே நடந்த முதல் திருமணம், பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேலுடையது. யேல் என்பது வேல்ஸின் வடகிழக்கில் உள்ள யால் என்ற பகுதியின் பெயர். ஆங்கில அகராதியில் பொருள் தேடிக்கொண்டிருந்தால் காலம் முழுக்கத் தேடலாம். கார்ன்வால், அயர்லாந்து, பிரான்சிலிருந்து அகதிகளாக வந்த ஹியூகெனாட்டுகள் எனப்படும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் என்று வேறு வாசல்களும் உண்டு.

எவ்வளவு அரிதானது?

வெறும் எண்ணிக்கையை ஒப்பிடாதீர்கள். 1881இல் இங்கிலாந்து, வேல்ஸின் மக்கள்தொகை ஏறக்குறைய 2.6 கோடி. 2021இல் ஏறக்குறைய 5.96 கோடி. ஒரு பெயரை அன்று 1,300 பேரும் இன்று 2,000 பேரும் வைத்திருப்பதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பார்த்தால் வளர்ந்ததுபோல் இருக்கும். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்று வகுத்தால் அன்று 50, இன்று 34. அதாவது பெயர் தேய்ந்திருக்கிறது. குழந்தைகளுக்கு வைக்கும் பெயர்களின் பட்டியலை பிரிட்டன் ஆண்டுதோறும் வெளியிடுவதுபோல் குடும்பப் பெயர்களுக்கு வெளியிடுவதில்லை. அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறை 2000, 2010 ஆண்டுகளுக்கு, குறைந்தது 100 பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களையெல்லாம் எண்ணிக்கையோடு வெளியிட்டது. 2010 பட்டியலில் 1,62,000க்கு மேற்பட்ட பெயர்கள் உள்ளன. உலக அளவில் எண்ணிக்கை சொல்லும் தளங்கள் தருபவை மதிப்பீடுகள். எழுதும்போது மதிப்பீடு என்றே எழுதுங்கள்.

அமெரிக்க எண்ணிக்கையைப் படிக்கும்போது கவனம் தேவை. ஏ. லியான் ஹிக்கின்பாதம் அங்கே புகழ் பெற்ற கறுப்பின நீதிபதி. அடிமை முறையிலிருந்து விடுபட்ட மக்களில் பலருக்கு முன்னாள் உரிமையாளர்களின் குடும்பப் பெயரே நின்றது, பலர் தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார்கள். பெயர் போல்ட்டன் பள்ளத்தாக்கில் பிறந்தது என்பதால் அதை வைத்திருப்பவர் எல்லோரும் போல்ட்டன்காரரின் வாரிசு ஆகிவிட மாட்டார்.

மரபணு ஆய்வும் இதையே சற்று வேறு விதமாகக் காட்டுகிறது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் தூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009இல் 40 குடும்பப் பெயர்களை எடுத்து, ஒரே பெயருள்ள ஆண்களின் ஒய் குரோமோசோமை, அதாவது தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் வரும் மரபணுப் பகுதியை, ஒப்பிட்டார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் பொது மூதாதை என்று எதுவும் தெரியவில்லை. ஆட்டன்பரோ போன்ற அரிய பெயர்களில் பெரும்பாலானோர் ஒரே ஆண் வழியில் வந்தவர்களாகத் தெரிந்தார்கள். அரிய பெயரைத் தேடுபவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் தத்து, மறுமணம், பெயர் மாற்றம் எல்லாம் எல்லா நாட்டிலும் உண்டு.

காசு பிடுங்கும் இடங்கள்

உங்கள் பெயரைக் கொடுத்தால் 'குடும்பச் சின்னம்' அச்சிட்ட கோப்பையும் சட்டமிட்ட சான்றிதழும் அனுப்பும் கடைகள் ஏராளம். இங்கிலாந்தில் மரபுச் சின்னம் தனி ஒருவருக்கும் அவருடைய ஆண் வழி வாரிசுகளுக்கும் வழங்கப்படுவது. குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது. இந்தச் சின்னங்களை வழங்கும் அதிகாரபூர்வ அமைப்பான, 1484இல் ஏற்பட்ட லண்டன் காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது, கடைகளும் திரும்பத் திரும்ப விற்று வருகின்றன. 'அழிந்துபோகும் பத்துப் பெயர்கள்' வகைப் பட்டியல்களையும் இதே அலமாரியில் வையுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை.

இந்தியாவில் வாழ்ந்தவரின் பெயர் என்றால்

சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கங்களின் பிரதிகள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என் 2' என்ற வரிசை சென்னைக்குரியது. 'என் 1' வங்காளம், 'என் 3' பம்பாய். 1998இல் தொடங்கிய பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் தளத்தில் இலவசத் தேடல் உண்டு, அங்கிருந்து தொடங்குவது நல்லது. படைவீரர் என்றால் சேர்க்கைப் பதிவில் பிறந்த ஊர் இருக்க வாய்ப்புண்டு. அந்த ஒரு வரி கிடைத்துவிட்டால் மேலே சொன்ன பாதையில் இங்கிலாந்துக்குள் நுழைந்துவிடலாம்.

முட்டிக்கொண்டு நின்றால் 1979இல் தொடங்கிய ஒற்றைப் பெயர் ஆய்வுக் கழகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஒரு குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு பதிவையும் திரட்டுபவர்கள் அதன் உறுப்பினர்கள். அவர்களுக்கு எழுதும்போது 'இந்தப் பெயரின் பொருள் என்ன' என்று ஒரு வரியில் கேட்காதீர்கள். உங்கள் எழுத்துக்கூட்டல் பட்டியல், கிடைத்த மிகப் பழைய பதிவின் ஆண்டும் ஆலயமும், 1881இல் கண்ட கவுன்ட்டி எண்ணிக்கை, ஏற்கனவே பார்த்துவிட்ட ஏடுகள் ஆகிய நான்கையும் அனுப்புங்கள். எந்த ஏட்டில் தேடிக் கிடைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அதே ஏட்டை அவர் மறுபடி புரட்ட வேண்டியிருக்காது.